‘ஆஃப்’ என்றால் நிற்பதா, கிளம்புவதா?

துவாஸ்காரன் | ஞாயிறு, காலை 10.15

மூன்று நாளாக ஒரு விஷயம் மனசைப் போட்டுப் பிசைகிறது. இங்கே இறக்கி வைக்கிறேன்.

நான் சிங்கப்பூரில், துவாஸ் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் சூப்பர்வைசர். வியாழக்கிழமை காலை டூல்பாக்ஸ் மீட்டிங், அதாவது வேலை தொடங்கும் முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டம். அன்றைக்கு டேங்குக்குள் இறங்கிச் செய்யும் வேலை. சேஃப்டி ஆபீசர், உள்ளே இருக்கும் காற்றை அளக்கிற கேஸ் மீட்டரைத் தூக்கிக் காட்டி ஆங்கிலத்தில் சொன்னார்: ‘இஃப் த அலாரம் கோஸ் ஆஃப், கம் அவுட் இமீடியட்லி.’ எல்லாரும் தலையாட்டினார்கள், பேப்பரில் கையெழுத்துப் போட்டார்கள், கலைந்தார்கள்.

பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவன், வந்து நாலு மாசம் ஆகிறது. ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டிருந்தான். பேச்சுவாக்கில் கேட்டேன்.

“தம்பி, டேங்குலேர்ந்து எப்ப மேல வரணும்?”

“அலாரம் ஆஃப் ஆனதும்ணே.”

“அப்படின்னா?”

“கத்திக்கிட்டு இருக்கும்ல, அது நின்னதும் மேல வந்துரணும். கத்துற வரைக்கும் மீட்டர் வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?”

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. ஆபீசர் சொன்னது, அலாரம் அடிக்க ஆரம்பித்தால் உடனே வெளியே வா என்று. விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு. டேங்குக்குள் அது 19.5க்குக் கீழே இறங்கினால் மீட்டர் கத்தும். இன்னும் இறங்கினால் ஆளுக்கு முதலில் ஒன்றுமே தெரியாது. கொஞ்சம் சோர்வு, கொஞ்சம் மயக்கம், அவ்வளவுதான். தெரிகிற நேரத்தில் கால் துவண்டு போயிருக்கும், ஏணி ஏற முடியாது. மீட்டர் கத்துகிற அந்தச் சில நொடிதான் உயிர். இவன் அந்த நேரத்தில் ‘சரியாத்தான் இருக்கு’ என்று வெல்டிங் பிடித்துக்கொண்டிருந்திருப்பான். இரண்டு வாரமாக டேங்கில் இறங்கியவன்.

அவன் மேல் ஒரு குற்றமும் சொல்ல மாட்டேன். லைட் ஆஃப், ஃபேன் ஆஃப், மோட்டார் ஆஃப், போன் ஆஃப். அவன் பிறந்ததிலிருந்து கேட்ட ஆஃப் எல்லாம் நின்றுபோன ஆஃப்தான். இது ஒன்று மட்டும் எப்படி ‘அடிக்க ஆரம்பித்தது’ என்று ஆனது? அன்றைக்கு அவனுக்குத் தமிழில் சொல்லிப் புரியவைத்துத்தான் இறக்கினேன். ஆனால் ‘ஏன்ணே அப்படி?’ என்று கேட்டானே, அதற்கு என்னிடம் பதில் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ‘இங்கிலீஷ் அப்படித்தான்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். காரணம் தெரிந்தால்தான் பையன்களுக்கு மனசில் நிற்கும்.

செங்காங்_அம்மா | ஞாயிறு, காலை 10.52

படிக்கும்போதே கை நடுங்கிடுச்சு துவாஸ் அண்ணே. நல்லவேளை நீங்க கேட்டீங்க.

எங்க வீட்டுலயும் இந்த ஆஃப் ஒரு பாடுதான், உங்க அளவு ஆபத்து இல்லைன்னாலும். பையன் தேசிய சேவையில இருக்கான். “மா, வெள்ளிக்கிழமை ஆஃப்”னு மெசேஜ் போட்டா வீட்டுக்கு வர்றான்னு அர்த்தம், மீன் வாங்கி வைப்பேன். “டிரெய்னிங் கால்ட் ஆஃப்”னா ரத்து. “நாங்க அஞ்சு மணிக்கு செட் ஆஃப்”னா கிளம்புறாங்க. ஒரே நாள்ல மூணு ஆஃப். எனக்கே எது வர்றது, எது போறதுன்னு ஒரு நிமிஷம் நின்னு யோசிக்கணும். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவ.

ஆஃப்_ஸ்பின் | ஞாயிறு, காலை 11.20

என் பட்டப்பெயரைப் பார்த்தே தெரியும், இந்தச் சொல்லோடு எனக்கு நாற்பது வருஷப் பழக்கம்.

கிரிக்கெட் ‘ஆஃப் சைடு’ எங்கிருந்து வந்தது தெரியுமா? குதிரை வண்டிக் காலத்துப் பேச்சு என்பார்கள். குதிரையில் இடப்பக்கமாக ஏறுவது வழக்கம், வண்டிக்காரனும் அந்தப் பக்கம்தான் நிற்பான். அது ‘நியர் சைடு’. எட்டத்தில் இருக்கும் வலப்பக்கம் ‘ஆஃப் சைடு’. வலக்கை ஆட்டக்காரர் மட்டையோடு பக்கவாட்டில் நிற்கும்போது காலுக்கு எட்டத்தில் இருப்பது ஆஃப். ஆக அங்கே ஆஃப் என்றால் தள்ளி இருப்பது. நிற்பதும் இல்லை, கிளம்புவதும் இல்லை.

முரளிதரன் 800 டெஸ்ட் விக்கெட் எடுத்தது ஆஃப் ஸ்பின்னில். பந்து ஆஃப் பக்கம் *போகும்* என்று புதுப் பையன்கள் நினைப்பார்கள். ஆஃப் பக்கத்தில் குத்தி உள்ளே வரும். ‘அங்கிருந்து விலகி’ என்று பிடித்துக்கொண்டால் சரியாக வரும்.

ஓய்வுபெற்ற_வாத்தியார் | ஞாயிறு, பிற்பகல் 2.05

துவாஸ்காரர் கேட்டது நல்ல கேள்வி. காரணம் உண்டு.

ஆங்கிலத்தில் ‘ஆஃப்’ என்பதும் ‘ஆவ்’ என்பதும் (ஒரு எஃப் மட்டும் போட்டு எழுதுவது) பழங்காலத்தில் ஒரே சொல். ‘இதிலிருந்து விலகி’ என்பதுதான் அதன் பொருள். அழுத்திச் சொன்னபோது ஆஃப், அழுத்தாமல் சொன்னபோது ஆவ். பதினேழாம் நூற்றாண்டு வாக்கில்தான் எழுத்திலும் பொருளிலும் இரண்டும் தனித்தனியாகக் குடித்தனம் போயின. ஆகவே அடிப்படைப் பொருளை மாற்றாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: விலகுதல். நிற்பது, கிளம்புவது இரண்டும் அதற்குப் பிறந்த பிள்ளைகள்.

விளக்குக்கு வரும் மின்சாரத்தை அதிலிருந்து விலக்கினால் விளக்கு நிற்கிறது. பயணம் போகிறவன் இருந்த இடத்திலிருந்து விலகினால் கிளம்புகிறான். துப்பாக்கியை எண்ணிப் பாருங்கள். உள்ளே சுத்தி ஒரு கொக்கியில் மாட்டி அடக்கி வைத்திருக்கிறது. விசையை இழுத்ததும் கொக்கியிலிருந்து விலகுகிறது, வெடிக்கிறது. துப்பாக்கிக்கும் ‘வென்ட் ஆஃப்’, வெடிகுண்டுக்கும் ‘வென்ட் ஆஃப்’, அலாரத்துக்கும் அதே. அடங்கிக் கிடந்தது கட்டிலிருந்து விடுபட்டது. அந்தத் தம்பிக்கு இப்படிச் சொல்லலாம்: மீட்டருக்குள் ஒரு கத்தல் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது, வாயு கெட்டால் அது அவிழ்ந்துகொள்ளும்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. ஜெர்மனில் ‘ஆப்’, லத்தீனில் ‘அப்’, கிரேக்கத்தில் ‘அப்போ’, சமஸ்கிருதத்தில் ‘அப’. எல்லாம் ஆஃப்-இன் கூடப்பிறந்தவை. தமிழ் அந்தக் குடும்பம் அன்று. ஆனால் வடசொற்கள் வழியாக ‘அப’ நம் பேச்சிலும் இருக்கிறது. அபகரித்தல்: விலக்கி எடுத்துக்கொள்ளுதல். அபஸ்வரம்: சுரத்திலிருந்து விலகியது, ஆங்கிலத்திலும் ‘ஆஃப் கீ’ என்பார்கள். நம் ஊரில் குப்பை போட்டால் கட்டும் அபராதம்: சரியானதிலிருந்து பிசகியது என்பதே அதன் மூலப்பொருள். கட்டடம் கட்டும் இடத்தில் நான்கு மொழிப் பலகையில் தமிழில் எழுதியிருக்கும் அபாயம் என்ற சொல்லும் இந்த ‘அப’ சேர்ந்ததுதான். விலகிப் போதல், அழிதல், பிறகு ஆபத்து என்று பொருள் நகர்ந்தது.

ஜூரோங்_தம்பி | ஞாயிறு, பிற்பகல் 2.31

ஐயா, அப்ப அபயமும் அபத்தமும்?

ஓய்வுபெற்ற_வாத்தியார் | ஞாயிறு, பிற்பகல் 2.48

நல்ல இடத்தில் கேட்டீர்கள் தம்பி. அவை இரண்டும் இதில் சேரா. அபயம்: அ + பயம், பயமின்மை. அபத்தம்: அ + பத்தம், கட்டுக்கோப்பு இல்லாதது. அங்கே ‘அ’ மட்டும்தான் முன்னொட்டு. அதே பலகையில் மலாயில் ‘பஹாயா’ என்று இருக்கிறதே, அது சமஸ்கிருத ‘பய’த்திலிருந்து போனது. ஒரே பலகையில் தமிழ் ‘விலகல்’ வழியாகவும் மலாய் ‘பயம்’ வழியாகவும் ஆபத்தைச் சொல்கின்றன.

ஜூரோங்_தம்பி | ஞாயிறு, பிற்பகல் 3.40

நான் ஜூரோங் பக்கம் தங்கும் விடுதியில் இருக்கேன். எனக்கு நடந்ததைச் சொல்றேன்.

போன வருஷம் பழைய கம்பெனியில. சனிக்கிழமை வேலை உண்டா இல்லையான்னு வெள்ளி ராத்திரி வாட்ஸ்அப் குரூப்புல போடுவாங்க. எங்க போர்மேன் தமிழ் ஆளு, தமிழ்லயே டைப் பண்ணுவாரு. ‘நாளை ஆஃப் டே’ன்னு வந்துச்சு. நான் லீவுன்னு நெனச்சு நல்லாத் தூங்கிட்டேன். காலையில ஏழு மணிக்கு போன். “எங்கடா இருக்க, லாரி நிக்குது!” அவரு போட்டது அரை நாள் வேலை. ஹாஃப் டே. நம்ம வாயில ரெண்டும் ஆஃப்தானே? ஊர்ல ஆஃப் பாயில்னுதான் சொல்றோம். வராத நாளுன்னு போட்டு அன்னிக்குச் சம்பளம் பிடிச்சுட்டாங்க. எங்க ரூம்ல பன்னெண்டு பேரு, அதுல அஞ்சு பேரு என்னை மாதிரியே தூங்கிட்டாங்க.

அதுலேர்ந்து நான் யாருக்கு மெசேஜ் போட்டாலும் ‘லீவு’ன்னு போடுவேன், இல்ல ‘அரை நாள்’னு போடுவேன். ஆஃப்னு எழுதவே மாட்டேன்.

சம்பளச்_சீட்டு | ஞாயிறு, மாலை 5.10

ஜூரோங் தம்பி சொன்னதைப் படித்து வேதனையாக இருந்தது. நான் ஒரு சின்ன நிறுவனத்தில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். இந்த ஆஃப் டே பணத்திலும் விளையாடும். எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

நாம் வாய்க்கு வந்தபடி எல்லாவற்றையும் ஆஃப் டே என்கிறோம். சட்டத்தில் இருப்பது ஓய்வு நாள். வேலை நியமனச் சட்டப்படி வாரத்துக்கு ஒரு முழு நாள். வேலைநேரம் பற்றிய அந்தப் பகுதி, உடலுழைப்புத் தொழிலாளர்களில் மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை உள்ளவர்களுக்கும், மற்ற ஊழியர்களில் 2,600 வெள்ளி வரை உள்ளவர்களுக்கும் பொருந்தும். முதலாளி கேட்டு, ஓய்வு நாளில் அரை நாளுக்கு மேல் வேலை பார்த்தால் 2 நாள் சம்பளம். நீங்களாகக் கேட்டு அதே வேலையைப் பார்த்தால் 1 நாள் சம்பளம்தான். ஐந்து நாள் வேலை வாரத்தில் சனி, ஞாயிறு இரண்டும் ஆஃப் என்கிறோமே, அதில் ஒன்றுதான் ஓய்வு நாள். மற்றது வெறும் வேலையில்லாத நாள், அதற்கு இந்த இரட்டைக் கணக்கு இல்லை. எது எந்த நாள் என்று உங்கள் ஒப்பந்தத்தில் பாருங்கள். ‘ஆஃப் டேயில் வந்தேன், டபுள் தரவில்லை’ என்று என்னிடம் வரும் வருத்தங்களில் பாதி இந்த ஒரு சொல்லால் வருவது.

இல்லப் பணிப்பெண்களுக்கும் இது முக்கியம். 2013 முதல் அவர்களுக்கு வாரம் ஒரு ஓய்வு நாள் சட்டத்தில் இருக்கிறது. 2023 ஜனவரி முதல், மாதத்தில் ஒரு நாளையாவது பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாது, கட்டாயம் விட வேண்டும்.

இன்னொரு ஆஃப்: ‘லே ஆஃப்’. ‘நாக் ஆஃப்’ என்றால் வேலை முடிந்து நாளைக்குத் திரும்ப வரலாம். ‘லே ஆஃப்’ என்றால் திரும்ப வர முடியாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு கலங்கி நின்ற ஓர் அக்காவை நான் பார்த்திருக்கிறேன்.

தேக்கா_கடைக்காரர் | ஞாயிறு, இரவு 8.30

கடை அடைச்சுட்டு வந்து படிச்சேன். ஆட்டுக்குடல், ஈரல், நுரையீரல் இதுக்கெல்லாம் ஆங்கிலத்துல ‘ஆஃபல்’. அதுவும் நம்ம ஆஃப்தான், ஆஃப் கூட ‘ஃபால்’ சேர்ந்தது. வெட்டும்போது கட்டையிலேர்ந்து கீழ விழுறது. வாத்தியார் சொன்ன விலகல் சரியாப் பொருந்துது. மீன் ‘ஆஃப்’னா கெட்டுப்போச்சு, நல்ல நெலமையிலேர்ந்து விலகிடுச்சு.

இங்கே வர்ற சீனப் பெரியவங்க சில பேரு லைட்டை ‘குளோஸ்’ பண்ணச் சொல்வாங்க. அவங்க மொழியில விளக்கைத் திற, மூடுன்னுதான் சொல்றது. மலாய்லயும் அப்படித்தான். தமிழ்ல நாம மூடுறதும் இல்ல. எங்கம்மா சாமி விளக்கை அணைன்னு சொல்லவே விட மாட்டாங்க. “மலையேத்து”, “குளிர வை”ம்பாங்க. ஒரு பூ காம்பைத் திரி மேல வெச்சு மெதுவா அமர்த்துவாங்க. இன்னிக்கும் கடையில சாமி விளக்கைக் குளிர வைப்பேன், டியூப் லைட்டை ஆஃப் பண்ணுவேன். ரெண்டையும் ஒரே சொல்லால சொல்ல மனசு வராது.

சிவப்பு_பிளேட் | ஞாயிறு, இரவு 9.02

‘ஆஃப் பீக்’ யாரும் சொல்லவில்லையே. 1994இல் வந்த கார் திட்டம், சிவப்பு நம்பர் பிளேட். வார நாளில் காலை 7 முதல் இரவு 7 வரை ஓட்டக் கூடாது, அவசரம் என்றால் ஒரு நாளுக்கு 20 வெள்ளி கட்ட வேண்டும். உச்ச நேரத்திலிருந்து விலகியது. எப்பொழுதும் ஓட்டலாம் என்று நினைக்கும் உறவுக்காரர்களுக்கு விளக்கியே எனக்கு வயதாகிவிட்டது.

துவாஸ்காரன் | ஞாயிறு, இரவு 10.40

எல்லாருக்கும் நன்றி. ஐயா, உங்கள் துப்பாக்கிக் கொக்கி எனக்கு நன்றாகப் புரிந்தது. ஆனால் பையன்களுக்கு ‘விலகல்’ என்று சொன்னால் ‘விலகி நில்லு’ என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நாளை காலையில் சொல்ல, வாயில் புழங்குகிற ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். நிற்பதற்கும் கிளம்புவதற்கும் சேர்ந்தாற்போல ஒரு சொல் நம்மிடம் இருக்கிறதா?

செங்காங்_அம்மா | ஞாயிறு, இரவு 11.05

அண்ணே, இருக்கு. விடு.

வெளியே இப்பத்தான் மழை விட்டுச்சு, அதான் தோணுச்சு. மழை விட்டுச்சுன்னா நின்னுடுச்சு. ஊர்ல குழாயில தண்ணி விட்டாங்கன்னா வர ஆரம்பிச்சுடுச்சு. ரெண்டும் தண்ணிதான், ரெண்டும் விட்டதுதான், ஒண்ணு நிக்குது, ஒண்ணு கிளம்புது. நம்மள்ல யாராவது ஒரு நாள் இதுல குழம்பியிருக்கோமா?

ஓய்வுபெற்ற_வாத்தியார் | திங்கள், காலை 6.20

அம்மா, காலையில் எழுந்து இதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நாற்பது ஆண்டு பாடம் நடத்தியும் எனக்கு இது தோன்றவில்லை.

எண்ண எண்ண வருகிறது. காய்ச்சல் விட்டது, பள்ளிக்கூடம் விட்டது, வேலையை விட்டான்: எல்லாம் நின்றவை. அம்பு விட்டான், பட்டம் விட்டான், சவால் விட்டான்: எல்லாம் கிளம்பியவை. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் விட்டார். தீபாவளிக்கு ஊரில் வாணம் விடுவோம் (இங்கே 1972 முதல் பட்டாசுக்குத் தடை). வாணம் விடுவதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், அங்கேயும் ‘லெட் ஆஃப்’.

ஜூரோங் தம்பியின் ஆஃப் டேக்கு நம் சொல் விடுமுறை. செங்காங் அம்மாவின் மகனுக்கு விடுப்பு. தம்பி தங்கியிருப்பது விடுதி. எல்லாவற்றிலும் ‘விடு’ இருக்கிறது. வீடு என்ற சொல்லும் அதே வேர் என்பார்கள். அறம், பொருள், இன்பத்துக்கு அடுத்து வருகிற வீடும் கட்டிலிருந்து விடுபடுவதுதானே.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சொல்லுக்குச் சொல் பொருத்தக் கூடாது. பால் ‘ஆஃப்’ என்றால் நமக்குத் திரிந்தது. ‘வெல் ஆஃப்’ என்றால் வசதியாக இருக்கிறார். அவற்றில் விடுவைத் திணித்தால் வராது. கிளம்புவதும் நிற்பதும் எப்படி ஒரு சொல்லுக்குள் இருக்க முடியும் என்று வியப்பவருக்குத்தான் விடு உதவும்.

ஆஃப்_ஸ்பின் | திங்கள், காலை 7.45

பந்தை ‘விட்டான்’ என்றாலும் இரண்டு உண்டு. மட்டையால் தொடாமல் விட்டான், கேட்ச்சைக் கைநழுவ விட்டான்.

ஜூரோங்_தம்பி | திங்கள், பிற்பகல் 12.50

சாப்பாட்டு நேரம், சீக்கிரம் எழுதிடுறேன். எங்க ரூம்ல காட்டினேன். பங்களாதேஷ் அண்ணன் ஒருத்தர் கேட்டுட்டு, அவருக்கும் அலாரம் ஆஃப்னா நின்னதுன்னுதான் இத்தனை நாளா இருந்துச்சுன்னாரு. இங்க வந்து ஒன்பது வருஷம் ஆச்சு அவருக்கு. துவாஸ் அண்ணே, தமிழ் ஆளுங்களுக்கு மட்டும் சொல்லி நிறுத்திடாதீங்க.

துவாஸ்காரன் | புதன், இரவு 9.15

தம்பி சொன்னதை சேஃப்டி ஆபீசரிடம் அப்படியே சொன்னேன். நல்ல மனுஷர், தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. “நானும் யோசிச்சதே இல்லை” என்றார். இனி ‘கோஸ் ஆஃப்’ சொல்வதில்லை, ‘ரிங்ஸ்’ என்று சொல்வது என்று முடிவாகிவிட்டது. கையெழுத்து வாங்குவதற்கு முன்னால், எப்போது மேலே வருவாய் என்று ஒவ்வொருவரிடமும் அவரவர் மொழியில் கேட்க வேண்டும். பலகையில் தமிழில் நான் எழுதினேன், வங்காளத்தில் பங்களாதேஷ் நண்பர் ஒருவர் எழுதினார்:

*மீட்டர் கத்தினால் உடனே மேலே வா. கத்தாவிட்டாலும் தலை சுற்றினால் மேலே வா. கத்தல் நிற்கும் வரை காத்திருக்காதே.*

இன்று காலை மீட்டிங்கில் மீட்டரைச் சோதிக்கும் சின்ன சிலிண்டரைக் கொண்டுவந்தோம். பட்டுக்கோட்டைத் தம்பியிடமே குழாயைக் கொடுத்து மாட்டச் சொன்னேன். வாயு போன இரண்டாவது நொடியில் சிவப்பு விளக்கு மின்னி, காது கிழிகிற மாதிரி கத்தியது. பின்வரிசையில் நின்றவர்கள்கூட ஓரடி நகர்ந்தார்கள். தம்பி மீட்டரைக் கையில் பிடித்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்து, அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னான்:

“அண்ணே, கிளம்பிருச்சுண்ணே!”